இபாக் கிராமத்துக் கத்திப் பட்டறை: விக்டோரினாக்ஸ் ஒரே குடும்பத்தின் கையில் தங்கியது எப்படி?

#1 பழங்கணக்கு

என் மேசை இழுப்பறையில் முப்பது ஆண்டுகளாகக் கிடக்கும் சிவப்புக் கத்தியின் பெரிய அலகைத் திறந்தால், அது கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் 'விக்டோரினாக்ஸ்' என்ற பெயர் பொறிக்கப்பட்டிருப்பது தெரியும். கணக்குப் பிள்ளையாக வாழ்நாளைக் கழித்தவன் நான். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அதைச் செய்தவன் லாபம் பார்த்தானா என்றுதான் முதலில் யோசிப்பேன். அந்தப் பழக்கத்தில் இந்த நிறுவனத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது என்னை நிறுத்தியது அதன் வெற்றியன்று, தொடங்கிய பத்தாண்டுகளுக்குள் அது சந்தித்த நட்டம்.

சுவிட்சர்லாந்தின் ஷ்விட்ஸ் மாநிலத்தில் இபாக் என்ற சிற்றூர். அங்கே தொப்பி செய்பவர் ஒருவரின் மகனான கார்ல் எல்சனர், கத்தித் தொழில் கற்றுக்கொண்டு, பாரிசிலும் ஜெர்மனியின் டுட்லிங்கனிலும் வேலை பார்த்துத் திரும்பி, 1884இல் தம் 24ஆம் வயதில் டோபல்பாக் ஓடையின் கரையில் பட்டறை வைத்தார். ஓடை நீர் சுழற்றிய சக்கரம்தான் அவருடைய சாணைக்கு விசை. அந்த நாளில் சுவிஸ் ராணுவம் தன் வீரர்களுக்கு மடக்குக் கத்தி கொடுக்க முடிவெடுத்தது. புதிதாக வந்திருந்த 1889 மாதிரித் துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்க ஒரு திருப்புளி வேண்டும், தகர டப்பாவில் வந்த உணவைத் திறக்க ஒரு கருவி வேண்டும் என்பதே காரணம். ஆனால் அவ்வளவு கத்திகளைச் செய்து தரக்கூடிய பட்டறை நாட்டுக்குள் இல்லாததால், முதல் 15,000 கத்திகளை ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரிலிருந்த வெஸ்டர் நிறுவனம் செய்து அனுப்பியது.

எல்சனர் இதைப் பொறுக்கவில்லை. நாட்டிலிருந்த ஏறத்தாழ 25 கத்திப் பட்டறைக்காரர்களைச் சங்கமாகக் கூட்டி, 1891இலேயே ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். ஸோலிங்கன் பெரிய ஆலைகளில் செய்து குறைந்த விலைக்குக் கொடுத்ததால், கூட்டாளிகள் ஒவ்வொருவராக நழுவினர். எல்சனர் மட்டும் நின்றார், நின்று கைப்பொருளை எல்லாம் இழந்தார். உறவினர்கள் கைகொடுத்ததாலும் கடன்காரர்கள் பொறுத்ததாலும்தான் பட்டறை ஏலத்துக்குப் போகாமல் தப்பியது.

இப்படி விழ இருந்த பட்டறை நான்காம் தலைமுறையில் இன்றும் அதே ஊரில், அதே குடும்பத்தின் மேற்பார்வையில் நடப்பதற்கு எது காரணம்? குடும்பத்தின் குணமா, அவர்கள் வகுத்த ஏற்பாடா, அல்லது வெறும் நல்ல காலமா? விவரம் அறிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 எதிர்வழக்கு

ஐயா, கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ராணுவம் என்ற ஒரே வாடிக்கையாளர், ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் வீரர்கள், நாட்டின் சிலுவைச் சின்னம் பொறித்த பொருள். இவை மூன்றும் அமைந்த பிறகு எந்தக் குடும்பமும் நூறாண்டு நிற்கும். அரசு ஆதரவில் வளர்ந்த தொழிலுக்குக் குடும்பப் பெருமை என்று மாலை போடுவது எனக்கு ஒப்பவில்லை.

#3 உலைக்களம்

நண்பர் எதிர்வழக்கு சொல்வது பாதி சரி. மீதியைக் கத்தியே மறுக்கிறது. நான் இருபத்திரண்டு ஆண்டுகள் அச்சுக்கருவிப் பட்டறையில் இருந்தவன் என்பதால் பொருளின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

1890 மாதிரிச் சிப்பாய்க் கத்தியில் இருந்தவை நான்கே: அலகு, குத்தூசி, டப்பாத் திறப்பான், திருப்புளி. கைப்பிடி கருமையான ஓக் மரம், எடை 144 கிராம். பையில் போட்டால் பை இழுபடும். எல்சனர் இதனினும் இலேசானதும் அழகானதுமான ஒன்றைச் செய்ய முனைந்தார். மடக்குக் கத்தியில் எடையைக் கூட்டுபவற்றில் ஒன்று முதுகுப்புறம் இருக்கும் எஃகு வில். அலகின் அடிப்பகுதியை அழுத்திப் பிடித்து, திறந்தால் திறந்தபடியும் மூடினால் மூடியபடியும் நிற்கச் செய்வது அந்த வில். எல்சனர் செய்த வேலை, ஒரே வில்லின் இரு முனைகளையும் இரு பக்கங்களையும் வேலை வாங்கியதுதான். அதனால் கத்தியின் முதுகிலும் கருவி வைக்க இடம் கிடைத்தது. இரண்டே விற்கள், ஆறு கருவிகள். சிப்பாய்க் கத்தியின் நான்கோடு சிறு அலகு ஒன்றும் கார்க் திருகி ஒன்றும் சேர்ந்தன. 'அதிகாரிகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்குமான கத்தி' என்ற பெயரில் 1897 ஜூன் 12 அன்று இதற்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்றார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்தக் கத்தியை ராணுவம் வாங்கவில்லை. அதிகாரபூர்வமான தளவாடப் பட்டியலில் அது சேர்க்கப்படவே இல்லை. அதிகாரிகள் தங்கள் சொந்தக் காசைக் கொடுத்துக் கடையில் வாங்கினார்கள். இன்று உலகம் முழுவதும் 'சுவிஸ் ராணுவக் கத்தி' என்று சிவப்பு நிறத்தில் விற்பது ராணுவம் வாங்கிய கத்தியின் வழித்தோன்றலன்று. வாங்காமல் விட்ட கத்தியின் வழித்தோன்றல். நட்டம் ராணுவ ஒப்பந்தத்தில் வந்தது, பிழைப்பு சந்தையில் வந்தது. இதை அரசு ஆதரவு என்று எப்படிச் சொல்வது?

#4 எதிர்வழக்கு

ராணுவம் வாங்கவில்லை என்பது எனக்குப் புதிய செய்தி, ஏற்கிறேன். ஆனாலும் ராணுவத்தின் பெயர் இல்லாமல் அந்தச் சந்தை கிடைத்திருக்குமா? ஒப்பந்தத்தைவிட ஒப்பந்தத்தின் நிழல் பெரிது.

#5 குறிஞ்சி

இடையில் ஒரு சிறு கேள்வி. விக்டோரியா மகாராணியின் பெயரைத்தான் வைத்தார்கள் என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியா?

#6 பழங்கணக்கு

இல்லை அம்மா, மகாராணிக்கும் இதற்கும் தொடர்பில்லை. எல்சனரின் தாயார் பெயர் விக்டோரியா. மகன் பட்டறை வைத்தபோது துணை நின்றவர் அவர். அந்த அம்மையார் 1909இல் காலமானதும், மகன் அவர் பெயரையே வணிகப் பெயராக்கினார். கேடயத்துக்குள் சிலுவை என்ற சின்னமும் அந்த ஆண்டில்தான் வந்தது. பின்பாதி 1921இல் சேர்ந்தது. துருப்பிடிக்காத எஃகுக்குப் பிரெஞ்சு மொழியில் 'இனாக்ஸ்' என்று பெயர். புதிய எஃகைக் கத்திக்குப் பயன்படுத்தத் தொடங்கியபோது தாயின் பெயரோடு உலோகத்தின் பெயரைச் சேர்த்து விக்டோரினாக்ஸ் என்றார்கள். அதற்கு மூன்றாண்டுகள் முன்னதாகவே, 1918இல், கார்ல் எல்சனர் இறந்திருந்தார். அந்தப் பெயரை அவர் கேட்டதே இல்லை.

நண்பர் சொன்ன நிழல் பற்றியும் ஒரு வரி. அந்த நிழலும் முழுமையாக இவர்களுக்குச் சொந்தமில்லை. ஜூரா பகுதியின் டெலமோனைத் தலைமையிடமாகக் கொண்ட பால் பொஎஷா நிறுவனம் 1893 முதலே அதே போன்ற கத்தியைச் செய்தது. அதை வாங்கி நடத்திய தியோ வெங்கரின் பெயரால் அது பின்னாளில் வெங்கர் ஆயிற்று. ஜெர்மன் மொழிப் பகுதியான ஷ்விட்ஸுக்கும் பிரெஞ்சு மொழிப் பகுதியான ஜூராவுக்கும் மனக்கசப்பு வரக்கூடாது என்று 1908இல் ராணுவம் கொள்முதலை இருவருக்கும் சரிபாதியாகப் பிரித்துவிட்டது. பின்னாளில் விக்டோரினாக்ஸ் தன்னை 'ஒரிஜினல்' என்றும் வெங்கர் தன்னை 'ஜெனுயின்' என்றும் விளம்பரம் செய்துகொண்டன. இரண்டு சொற்களுக்கும் பொருள் வேறுபாடு கேட்டால் என்னிடம் விடை இல்லை. இருவரும் சண்டையில்லாமல் வாழ்ந்தார்கள் என்பதே போதும்.

#7 உலைக்களம்

துருப்பிடிக்காத எஃகு என்று ஐயா ஒரு வரியில் கடந்துவிட்டார். பட்டறைக்காரனுக்கு அது ஒரு வரியில் முடிகிற செய்தியன்று.

பழைய கரிம எஃகை ஊர்க் கொல்லர் கண்ணாலேயே பதம் பார்த்துவிடுவார். உலையில் செம்பருத்தி நிறம் ஏறியதும் எடுத்துத் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ச்சல் கொடுப்பார். குரோமியம் கலந்த எஃகு அப்படி விட்டுக்கொடுக்காது. அதற்குச் சூடு இன்னும் மேலே ஏற வேண்டும், ஏறிய இடத்தில் அசையாமலும் நிற்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் அலகு மழுங்கும், கூடினால் நொறுங்கும். ஆயிரம் அலகுகளும் ஒரே பதத்தில் வர வேண்டுமென்றால் கண்ணை நம்பிப் பயனில்லை. இரண்டாம் தலைமுறையின் கார்ல் எல்சனர் 1931இல் பிரவுன் பொவேரி நிறுவனத்தைக் கொண்டு, முழுவதும் மின்சாரத்தில் இயங்கும் கடினமாக்கும் உலைக்கூடத்தை இபாக்கில் அமைத்தார். உலகிலேயே அவ்வகையில் முதலாவது அதுதான் என்று சொல்லப்படுகிறது. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த ஆண்டு அது என்பதையும் நினைவில் வையுங்கள். தந்தையின் பட்டறை விழ இருந்ததைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்தவர், அப்படியொரு நேரத்தில் உலையில் பணத்தைப் போட்டார்.

இன்று அந்த நிறுவனம் வெளியிடும் அளவுகளைப் பாருங்கள். அலகை 1,040 டிகிரி செல்சியசில் கடினமாக்கி, 160 டிகிரியில் பதப்படுத்துகிறார்கள். உலோகத்தின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் அலகுக்கு 56, கத்தரிக்கோலுக்கும் நக அரத்துக்கும் 53, டப்பாத் திறப்பானுக்கும் திருப்புளிக்கும் 52, வில்லுக்கும் கார்க் திருகிக்கும் 49. ஒரே கத்திக்குள் நான்கு பதங்கள். வெட்டுவது கடினமாக இருக்க வேண்டும், முறுக்கப்படுவது சற்று இளக வேண்டும், வளைந்து மீள்வது இன்னும் இளக வேண்டும். திருப்புளியை அலகின் பதத்தில் செய்தால் முதல் துருப்பிடித்த திருகிலேயே முனை தெறித்துவிடும். தெருவில் விற்கும் போலிக் கத்திகளில் பெரும்பாலும் எல்லாக் கருவிகளும் ஒரே பதத்தில் இருக்கும். நான் ஒன்றை வாங்கி அரத்தால் உரசிப் பார்த்திருக்கிறேன்.

1985இல் வந்த சுவிஸ்சாம்ப் என்ற பெரிய மாதிரியில் 64 உதிரிப்பாகங்கள், 33 பயன்பாடுகள், 185 கிராம் எடை. செய்து முடிக்க 450க்கும் மேற்பட்ட படிகள். நான்கு கருவிகள் கொண்ட 1890ஆம் ஆண்டுக் கத்தியைவிட இது 41 கிராம்தான் கூடுதல்.

#8 நெடும்பயணி

உலகப் பெயர் வந்த கதையையும் சேர்க்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் தங்கியிருந்த அமெரிக்க வீரர்கள் படைமுகாம் கடைகளில் இந்தக் கத்தியைப் பெருமளவில் வாங்கி ஊருக்கு எடுத்துச் சென்றார்கள். அதிகாரிக் கத்தி என்று பொருள்படும் 'ஒஃபிட்சியர்ஸ்மெசர்' என்ற ஜெர்மன் பெயர் அவர்கள் நாவில் புரளாததால் 'ஸ்விஸ் ஆர்மி நைஃப்' என்றார்கள். பெயர் வைத்தது வாடிக்கையாளர்தான். குடும்பம் அதைப் பின்னர் ஏற்றுக்கொண்டது.

ஆனால் இந்த இழையின் கேள்விக்கு 2001ஆம் ஆண்டே உண்மையான சோதனை என்று நான் நினைக்கிறேன். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் விமானப் பயணிகள் கையில் எந்தக் கத்தியும் கூடாது என்றானது. விமான நிலையக் கடைகளிலும் விமானங்களுக்கு உள்ளேயும் நடந்துவந்த விற்பனை நின்றது. மடக்குக் கத்தி விற்பனை ஏறத்தாழ ஒரே இரவில் 30 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. என் கத்தி ஒன்றும் அந்தக் காலத்தில்தான் போயிற்று: கைப்பையில் இருந்ததை மறந்து பாதுகாப்புச் சோதனை வரை போய்விட்டேன், அங்கிருந்த கண்ணாடிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் சிவப்பு நிறம்.

அந்த நிலையிலும் ஒருவரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. மிகைநேர வேலையை நிறுத்தினார்கள், விடுமுறையை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், சில தொழிலாளர்களை அக்கம்பக்கத்து நிறுவனங்களுக்கு இரவலாக அனுப்பி, நிலைமை சீரானதும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இரவல் ஆள் என்பது நம் வயல்வெளிக்குப் புதிதன்று. தொழிற்சாலையில் அப்படி நடந்ததை நான் அங்கேதான் கேள்விப்பட்டேன்.

#9 எதிர்வழக்கு

நல்ல மனம் இருந்தால் மட்டும் சம்பளம் போட முடியாது, பணம் வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் 'குடும்பத்தின் கருணை' என்று முடிப்பது கதை. பழங்கணக்கு ஐயாவிடமே கேட்கிறேன்: 30 விழுக்காடு விற்பனை விழுந்த நிறுவனம், எந்தக் கையிருப்பை வைத்து ஆட்களை வைத்திருந்தது?

#10 பழங்கணக்கு

கேட்க வேண்டிய கேள்வி. அதற்காகத்தான் இழையைத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்வேன்.

முதலாவது, அவர்கள் கத்தியை மட்டும் நம்பி இருக்கவில்லை. அமெரிக்காவில் அவர்களுடைய விற்பனையாளராக இருந்த நிறுவனம் 1989இல் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தது; பயணப்பெட்டிகளும் பின்னர் சேர்ந்தன. சமையலறைக் கத்தி எப்போதும் இருந்தது. மடக்குக் கத்தி விழுந்தபோது தாங்கிக்கொள்ள வேறு கால்கள் இருந்தன.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். மூன்றாம் தலைமுறைக் கார்ல் எல்சனர் 1922இல் பிறந்தவர். 1950 முதல் 2007 வரை தலைமையில் இருந்தார். அவருக்குப் பதினொரு பிள்ளைகள். நம்மிடையே இருப்பவர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்: ஓர் ஆலை, பதினொரு வாரிசுகள். மூன்று அண்ணன் தம்பிகள் இருந்த கடைகளின் பாகப்பிரிவினைக் கணக்கை நானே எழுதியிருக்கிறேன். சொத்து மதிப்பை ஏற்றிச் சொல்பவன் வெளியேற நினைப்பவன், இறக்கிச் சொல்பவன் வைத்துக்கொள்ள நினைப்பவன். இருவருக்கும் நடுவே கடையின் நடைமுறை மூலதனம் கரைந்து போகும். எல்சனர் குடும்பம் 2000ஆம் ஆண்டில், அதாவது அந்தச் சரிவுக்கு ஓராண்டு முன்னதாக, பங்குகளையே தம் கையிலிருந்து எடுத்துவிட்டது. 90 விழுக்காடு நிறுவனத்தின் பெயரிலான அறக்கட்டளைக்கும், 10 விழுக்காடு பெற்றோர் பெயரிலான கொடை அறக்கட்டளைக்கும் போயின. நிர்வாகம் குடும்பத்திடம் இருக்கிறது. விற்பதற்குப் பங்கு யாரிடமும் இல்லை. பிரிக்க வழியில்லாததால் லாபம் பெரும்பாலும் உள்ளேயே தங்குகிறது. நல்ல ஆண்டில் சேர்த்து வைத்து வறட்சி ஆண்டில் செலவிடுவது என்ற நெற்குதிர்க் கணக்குத்தான் அது. அந்தக் குதிர்தான் 2001இல் சம்பளம் போட்டது.

ஏற்பாடு 2000இல் எழுதப்பட்டாலும் அதற்கான பயம் 1890களில் பிறந்தது என்பது என் ஊகம். கடன்காரர் பொறுமையில் பிழைத்த குடும்பம் அதை எளிதில் மறக்காது.

#11 எதிர்வழக்கு

அறக்கட்டளை என்ற சொல்லைக் கேட்டதும் கும்பிடத் தேவையில்லை. வெளியார் யாரும் வாங்க முடியாதபடி கோட்டை கட்டிக்கொள்வதற்கும் அதே ஏற்பாடு உதவும். தவறான ஆள் தலைமைக்கு வந்தால் அவரை அகற்றச் சொல்லும் பங்குதாரரும் இருக்கமாட்டார். ஆனால் பதினொரு பிள்ளைகளும் இதற்குச் சம்மதித்தார்கள் என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது கையெழுத்துப் போடும் இடத்தில் கை நடுங்குகிற விஷயம்.

இன்னொன்று. 2005இல் போட்டியாளரான வெங்கரை இவர்களே வாங்கினார்கள். நூறாண்டு சரிபாதியாக இருந்த கொள்முதல் ஒரே கைக்கு வந்துவிட்டதே, அதற்கு யாரும் கணக்குக் காட்டவில்லையா?

#12 நெடும்பயணி

2001க்குப் பின் வந்த அதே சரிவை வெங்கரால் தாங்க முடியவில்லை. வெளிநாட்டார் வாங்கியிருந்தால் ராணுவத்தின் கத்தியைச் செய்த ஓர் ஆலை நாட்டின் கையைவிட்டுப் போயிருக்கும். வாங்கியவுடன் மூடிவிடவும் இல்லை. எட்டாண்டுகள் தனிப் பெயரிலேயே நடத்தி, 2013இல்தான் கத்திகளை விக்டோரினாக்ஸ் பெயருக்கு மாற்றினார்கள்.

ஒற்றைக் கைக்கு வந்தது பற்றி: ராணுவம் 1961 மாதிரிக்குப் பதிலாகப் புதிய கத்தி வேண்டுமென்று முடிவெடுத்தபோது, உலக வணிக விதிகளின்படி வெளிநாட்டு நிறுவனங்களும் கலந்துகொள்ளக்கூடிய திறந்த ஒப்பந்தப்புள்ளியாகத்தான் கேட்டது. சுவிஸ் ராணுவக் கத்தி சீனாவில் செய்யப்படுமோ என்று அந்நாட்டில் பெரிய கூச்சலே எழுந்தது. கடைசியில் 2008இல் 75,000 கத்திகளுக்கான ஒப்பந்தம் விக்டோரினாக்ஸுக்கே கிடைத்தது. 111 மில்லிமீட்டர் நீளம், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் அலகு, பச்சையும் கறுப்புமான பிடி. 1891இல் ஜெர்மன் நிறுவனத்தோடு விலையில் மோதித் தோற்ற பட்டறை, திறந்த போட்டியில் நின்று வென்றது.

#13 குறிஞ்சி

நான் கத்தியைப் பற்றி அதிகம் அறியேன். ஆனால் இப்போதைய தலைவரான நான்காம் கார்ல் எல்சனர் 2024இல் சொன்ன ஒரு செய்தியைப் படித்து வியந்தேன். பல நாடுகளில் கத்தி எடுத்துச் செல்வதற்குத் தடைகள் கூடிவருவதால், அலகே இல்லாத மடக்குக் கருவிகளை வடிவமைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அலகை எடுத்துவிட்டால் அதைக் கத்தி என்று எப்படி அழைப்பது?

#14 உலைக்களம்

அம்மா, என் மகன் சைக்கிளில் போகிறவன். அவனுடைய கத்தியில் தேய்ந்திருப்பது திருப்புளிதான். பெரிய அலகில் ஆலை மெருகு இன்னும் அப்படியே இருக்கிறது. 1890இல் ராணுவம் கேட்டதும் துப்பாக்கிக்கான திருப்புளியைத்தான். அலகு கூட வந்தது என்றே சொல்லலாம். அலகுள்ள கத்திகளை நிறுத்தப் போவதில்லை என்பதையும் அவர்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள்.

ஆனாலும் பட்டறைக்காரனாக எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 56 என்ற அந்தக் கடினத்தைக் கண்டுபிடிக்கத்தான் அத்தனை உலையும்.

#15 எதிர்வழக்கு

ராணுவத்தின் நிழல் என்று நான் தொடங்கியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். கோட்டை என்று சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. 2000ஆம் ஆண்டு ஏற்பாட்டைக் கையெழுத்திட்டவர்களின் தலைமுறைதான் இன்றும் நடத்துகிறது, கையெழுத்திடாத தலைமுறை வரும்போது மீண்டும் பேசுவோம்.

நேற்று இரவு என்னிடமிருந்த பழைய வெங்கர் கத்தியை எடுத்து, மைத்துனரின் விக்டோரினாக்ஸோடு முதுகு சேர்த்து வைத்துப் பார்த்தேன். முன்னது 85 மில்லிமீட்டர், பின்னது 91. வெங்கர் என்ற பெயர் கத்திகளிலிருந்து போய்விட்டாலும், அந்த 85 மில்லிமீட்டர் அளவையும் விரலுக்கு ஏற்ப வளைந்த பிடியையும் டெலமோன் வரிசை என்ற பெயரில் வைத்திருந்தார்கள். ஐயா, உங்கள் இழுப்பறையில் இருப்பது எந்த அளவு என்று ஒரு அளவுகோல் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

#16 பழங்கணக்கு

91. கார்க் திருகிக்குள் செருகிவைக்கும் சிறு திருப்புளி மட்டும் தொலைந்துவிட்டது.